பழைய மணி, புது மணி

உங்க ஸ்டேஷன் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பிந்தி ஓடுது சார். தப்பா எடுத்துக்காதீங்க, குறை சொல்றதுக்காகச் சொல்லல. எங்க போனாலும் முதல்ல சுவரைத்தான் பார்ப்பேன், அப்புறந்தான் மனுசன் மூஞ்சி. ஒரு ஸ்டூல் குடுத்தா நானே ஏறித் திருப்பி வச்சிடுவேன். வேணாமா? சரி, இருக்கட்டும்.

உக்காரச் சொல்றீங்க, உக்கார்றேன். ஆனா கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு நடப்பேன், அதுக்கு நீங்க கோவிச்சுக்கக் கூடாது. பயம்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு ஒரே இடத்துல உக்கார வராது, சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். மாதா கோயில்ல பூசைக்கு உக்காந்தாக்கூட முழங்கால் ஆடிக்கிட்டே இருக்கும், முன்னாடி பெஞ்சுல இருக்கறவங்க திரும்பிப் பார்ப்பாங்க. உடையப்பன் விசயம்தானே கேட்கணும் உங்களுக்கு? சொல்றேன். ஆறு வருஷம் ஆச்சு, ஆனா எனக்கு எதுவும் மறக்கல.

என் பேரு கஸ்பார். சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தவன். அப்பா அம்மா ரெண்டு பேரும் பால் வெட்டுக்குப் போனவங்க. ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல போய்ச் சேர்ந்தாங்க. அப்ப எனக்குப் பத்தொன்பது, என் தங்கச்சி பெட்ரீசியாவுக்கு அஞ்சு. அவளைத் தூக்கி வளர்த்தது நான்தான். சடை பின்னத் தெரியாது, பக்கத்து லயத்துல ஒரு அக்காகிட்டக் கத்துக்கிட்டுப் பின்னி விட்டேன். அதை ஏன் இங்க சொல்றேன்னு நீங்க நினைக்கலாம். கேட்டா சொல்லணும் இல்லையா, எல்லாத்தையும்.

தோட்டத்துல கிராணியா, கணக்கு எழுதற ஆளா இருந்தேன். அப்புறம் ரப்பரை அழிச்சு எண்ணெய்க்குச் செம்பனை போட்டாங்க, ஆளுங்க நாலா பக்கமும் போனாங்க. ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனை ஆலையில எனக்கு வேலை கிடைச்சுது. அந்த ஆலைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாங்க. அதைப் பார்த்துக்க ஒரு ஆளு வேணும்னு என்னை ஈப்போவுக்குப் படிக்க அனுப்பினாங்க. படிச்சுட்டு வந்தேன். ரெண்டு அலமாரி அளவுக்கு மெஷின், அதுக்குன்னு ஒரு கண்ணாடி ரூம், ஏர்கோன். இந்த ஆலையில வேர்க்காம சம்பளம் வாங்கற ஒரே ஆளு கஸ்பார்தான்னு ஆளுங்க கிண்டல் பண்ணுவாங்க. நானும் சிரிச்சுக்குவேன்.

அந்த மெஷின் என்ன செய்யும்னு முதல்ல சொல்லிடறேன். வேலைக்குச் சங்கு ஊதறது அது. கேட்டுல ஆளுங்க கார்டு போட்டா நேரம் பதியறது அது. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கன்வேயரை நிறுத்தறதும், ஒரு மணி நேரம் கழிச்சு சங்கு ஊதி திரும்ப ஓட்டறதும் அதுதான். யாரும் கை வைக்க வேண்டியதில்ல. மெஷினுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடும். அது பன்னிரண்டுன்னா ஆலைக்குப் பன்னிரண்டு, அது ஒன்னுன்னா ஒன்னு. வானத்துல சூரியன் எங்க இருக்குன்னு எவனும் பார்க்கறதில்ல.

அந்தக் கடிகாரம் ஆரம்பத்துல இருந்தே பிந்திக்கிட்டு வந்துச்சு. வித்த கம்பெனிக்காரங்க வந்து பார்த்தாங்க, சூடு அதிகம்னாங்க. ஏர்கோனைக் கூட்டி வச்சேன், நான்தான் நடுங்கினேன், கடிகாரம் திருந்தல. தூசின்னாங்க, துடைச்சேன். உள்ள ஒரு அட்டையை மாத்தினாங்க, அப்பவும் பிந்துச்சு. எனக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல சார். ஒரு நேரம் தப்பா இருக்கு, அது தப்புன்னு எனக்கு மட்டும் தெரியுது, ஊரே அதைப் பார்த்து நடக்குதுன்னா எப்படித் தூங்க முடியும்? கடைசியில ஒன்னு கவனிச்சேன். ஞாயித்துக்கிழமை ஆலை ஓடாது, ஊர் கரண்டு. அன்னிக்குக் கடிகாரம் ஒழுங்கா ஓடுது. திங்கக்கிழமை ஆலையோட சொந்தக் கரண்டு வந்ததும் பிந்துது.

கரண்டு துடிக்கும் சார், செகண்டுக்கு இத்தனை தடவைன்னு ஒரு கணக்கு. அந்தத் துடிப்பை எண்ணித்தான் மெஷின் நேரம் சொல்லும். எங்க ஆலையில பழத்தோட நாரையும் ஓட்டையும் எரிச்சு, ஆவியில நாங்களே கரண்டு எடுப்போம். மழைக்காலத்துல நாரு ஈரமா வரும். ஆவி குறையும். கரண்டு மெதுவா துடிக்கும். மெஷின் என்ன செய்யும் பாவம், வந்த துடிப்பை எண்ணுது. அதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா. எதுவும் சும்மா பிந்தறதில்ல, எங்கேயோ ஒரு இடத்துல நேரம் ஒழுகுது, அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கணும், அவ்வளவுதான். மேனேஜர் லிம்கிட்டச் சொன்னேன். அவரு, சரி, தினம் நீயே திருப்பி வச்சுக்கோன்னுட்டாரு. அன்னியில இருந்து காலையில ரேடியோ மணியைக் கேட்டு, மெஷின் நேரத்தைத் திருத்தறது என் வேலை.

உடையப்பனுக்கு வர்றேன். கன்வேயர் பக்கம் வேலை பார்த்தவன். ஆயர் தாவார்க்காரன், நல்ல உடம்பு, எப்பவும் வாயில ஏதாவது ஒரு பாட்டு. அவனைப் பிடிக்காத ஆளு ஆலையில கிடையாது, எனக்கும் பிடிக்கும். "மணிக்கார அண்ணே"ன்னுதான் என்னைக் கூப்பிடுவான். கண்ணாடியைத் தட்டி, "மணிக்கார அண்ணே, இப்ப மணி என்னா லா? நீங்க சொன்னாத்தான் எனக்குப் பசிக்கும்"னு கேட்டுட்டுப் போவான். அவன் கையில கடிகாரம் கட்டினதே இல்ல. ஏன்டான்னு கேட்டதுக்கு, அதான் ஆலைக்கே நீங்க ஒருத்தர் இருக்கீங்களேன்னு சொன்னான்.

மத்தியானம் மெஷினை விட்டுட்டு நான் வீட்டுக்குப் போக முடியாது. சோறு கொண்டு வர ஒரு ஆளு ஏற்பாடு பண்ணியிருந்தேன், அந்த ஆளு ஒரு நாளைக்கு வருவான், ஒரு நாளைக்கு வர மாட்டான். உடையப்பன்கிட்ட மோட்டார் சைக்கிள் இருந்துச்சு. ஆலை வேலையா எங்க வீட்டு வழியா ஆயில் டிப்போவுக்குப் போய்ட்டு வருவான். போற வழியில டிபன் கேரியரை வாங்கிட்டு வந்துடு தம்பின்னு சொன்னேன். நல்லா கேட்டுக்குங்க, நான்தான் சொன்னேன். அவனா வந்து நிக்கல.

கொஞ்ச மாசம் நல்லாப் போச்சு. மூடியைத் திறந்தா ஆவி வரும். அப்புறம் சோறு ஆறிப்போய் வர ஆரம்பிச்சுது. முதல்ல வெதுவெதுன்னு, அப்புறம் சுத்தமா ஜில்லுன்னு. நான் கோவப்படல. எங்க நேரம் ஒழுகுதுன்னு பார்த்தேன். பெட்ரீசியாகிட்டக் கேட்டேன், எப்பவும் கட்டற நேரத்துக்குத்தான் கட்டறேன் அண்ணேன்னா. ரோட்டைப் பார்த்தேன், ரோடு நல்லாத்தான் இருக்கு. மோட்டார் நல்லா ஓடுது. ஒவ்வொன்னா கழிச்சுட்டு வந்தா ஒரே ஒரு இடந்தான் பாக்கி, எங்க வீட்டு வாசல்.

ஒரு நாள் மெஷினை ஓட விட்டுட்டு சைக்கிள்ல போனேன். மோட்டார் மாமரத்தடியில நிக்குது. அவன் படியில உக்காந்திருக்கான், கேரியர் பக்கத்துல. இவ கதவுல சாய்ஞ்சு நிக்கறா. அவன் என்னமோ சொல்றான், இவ சிரிக்கறா. தப்பா ஒன்னும் இல்ல சார், தொடக்கூட இல்ல. சிரிப்புதான். அந்த மாதிரி அவ சிரிச்சு நான் பார்த்ததில்ல, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. நான் வேலிக்கு வெளியிலேயே சைக்கிளைத் திருப்பிட்டு வந்துட்டேன். ஆறின சோறு வந்துச்சு, சாப்பிட்டேன்.

அவளுக்கு நான் கல்யாணம் பண்ணி வைக்கலைன்னு பேசிக்குவாங்க. பக்கத்து வீட்டு ரோசம்மாக்கூட ஒரு தடவை மூஞ்சிக்கு நேரா கேட்டுச்சு. பொய். வந்த மாப்பிள்ளைங்களை நான் ஒருத்தரையும் வேணாம்னு சொன்னதில்ல. சித்தியவான்ல இருந்து ஒரு வாத்தியார் கேட்டு வந்தாங்க, ஈஸ்டர் கழியட்டும்னேன். ஈஸ்டர் கழிஞ்சுது, கிறிஸ்துமஸ் கழியட்டும்னேன். அவங்களால பொறுக்க முடியல, வேற இடம் பார்த்துக்கிட்டாங்க. அவசரக்காரங்க கையில புள்ளையைக் குடுக்க முடியுமா? அவ எனக்குத் தங்கச்சி மட்டும் இல்ல. நான் கல்யாணமே பண்ணிக்கலையே, யாருக்காக? இதை நான் அவகிட்டச் சொல்லிக் காட்டினதில்ல, சொல்லிக் காட்டற ஆளும் இல்ல நான்.

எண்பத்திரெண்டாம் வருஷம் பொறந்துச்சு. ஞாபகம் இருக்கா சார், நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளச் சொன்னாங்களே, சபா சரவாக் நேரத்தோட ஒன்னாக்கறதுக்கு. ரேடியோல தினம் சொன்னாங்க. எனக்கு அது பெரிய திருவிழா மாதிரி. ஒன்னாந்தேதி காலையிலேயே ஆலைக்குப் போய்டணும்னு இருந்தேன். மேனேஜர் லிம் வேணாம்னுட்டாரு. லோரிக்காரங்க, காலையில ஆளுங்களைக் கணக்கெடுக்கற தோட்டத்துப் பெரட்டு எல்லாம் பழைய நேரத்துல ஓடுது, கொஞ்சம் போகட்டும், மெஷின் பழைய மணியிலேயே இருக்கட்டும்னாரு.

அப்புறம் என்ன, ஊருக்கு ஒரு மணி, ஆலைக்கு ஒரு மணி. எவனைக் கேட்டாலும் "பழைய மணியா புது மணியா"ன்னு திருப்பிக் கேட்பான். கோப்பிக் கடையில புது மணி, மாதா கோயில்ல புது மணி. ஆலைக்குள்ள வந்தா பழைய மணி. என் கண்ணாடி ரூம்ல அந்தத் தப்பான நேரத்தோட நாள் முழுக்க உக்காந்திருந்தேன். உடம்பெல்லாம் அரிச்சுது சார், நிஜமாவே அரிச்சுது. டிஸ்பென்சரிக்குப் போய் மருந்து வாங்கிப் போட்டேன்.

வீட்டுல பெட்ரீசியா கடிகாரத்தைப் புது மணிக்குத் தள்ளிட்டா. வீட்டு மத்தியானத்துக்குச் சோறு கட்டிடுவா. ஆலை மத்தியானத்துக்கு இன்னும் அரை மணி இருக்கும். உடையப்பன் ஊர் மணிக்கு வீட்டுல நிப்பான், ஆலை மணிக்கு ஆலையில இருப்பான். நடுவுல ஒரு அரை மணி. ஒரு நாள் கேரியரைக் குடுக்கறப்ப அவனே சொன்னான், சிரிச்சுக்கிட்டே, "அண்ணே, கவர்மெண்டு எனக்குத் தினம் அரை மணி சும்மா குடுத்திருக்கு லா. இப்படியே வச்சிருங்க"ன்னு. விகல்பமா சொல்லல. என் மனசுல என்ன ஓடுதுன்னுகூட அவனுக்குத் தெரியாது, நான்தான் எதையும் கேட்கவே இல்லையே.

அந்த அரை மணி யாரோடது சார்? நல்லா யோசிச்சுப் பாருங்க. தப்பான கடிகாரத்தால வந்த நேரம் அது. அது இருக்கவே கூடாத நேரம்.

பொங்கல் வார திங்கக்கிழமை மேனேஜர் கூப்பிட்டாரு. கஸ்பார், லோரிக்காரங்க ஒத்துக்கிட்டாங்க, இந்த வாரத்துக்குள்ள மாத்திடுன்னாரு. சனிக்கிழமை வேலை முடிஞ்சு மெஷின் நிக்கறப்ப செய்யலாம்னு அவரே சொன்னாரா, நானா கேட்டேனா, அது எனக்குத் தெளிவா இல்ல. வாரத்துக்குள்ளன்னு சொன்னாரு. அது தெளிவா ஞாபகம் இருக்கு.

கொஞ்சம் நடந்துக்கறேன் சார்.

அடுத்த நாள் செவ்வாய். விடியலுக்கு முன்னாடியே மழை. பழமெல்லாம் ஊறிப்போய் வந்துச்சு. கன்வேயர் முடியற இடத்துல ஒரு பள்ளம் இருக்கும், அதுக்குள்ள நீளமா ஒரு இரும்புத் திருகு சுத்தும், பழத்தை அள்ளி முன்னால தள்ளும். ஈர நாரு அதுல சுத்திக்கிச்சுன்னா ஒரு ஆளு இறங்கி, கம்பியால குத்திக் குத்தி எடுக்கணும். இறங்கறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைச்சுப் பூட்டுப் போடணும்னு போர்டு எழுதி மாட்டியிருக்கு. கம்ப்யூட்டர் வந்ததுக்கு அப்புறம் யாரும் அதைச் செய்யறதில்ல. சுவிட்சை அணைச்சா மெஷின் ஏதோ கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மேனேஜர் ரூம்ல மணி அடிக்கும், மறுபடி ஓட வைக்கறதுக்குள்ள பாதி நாள் போய்டும், ஆளுங்களை மேய்க்கற சதாசிவம் மண்டோருக்கு ஏச்சு விழும். அதனால சாப்பாட்டு நேரத்துல மெஷின் தானா நிறுத்தும்போது இறங்கி, சங்குக்கு முன்னாடி ஏறிடுவாங்க. உள்ள ஆள் இருக்குன்னு தெரிய, மேல தடுப்புக் கம்பியில தோள் துண்டைக் கட்டிட்டு இறங்குவாங்க. மண்டோருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என் கண்ணாடி ரூம்ல இருந்து பார்த்தா அந்தக் கம்பி நேராத் தெரியும்.

உடையப்பன் கேரியரைக் கொண்டு வந்தான். எப்பவும் கண்ணாடியைத் தட்டறவன் அன்னிக்குக் கதவைத் திறந்து உள்ள வந்தான். செருப்பை வெளிய விட்டுட்டு வந்தான். மழையில நனைஞ்ச தலை, சீவியிருந்தான்.

"அண்ணே, ஒரு விசயம்."

"சொல்லு தம்பி."

"பொங்கல் கழிச்சு எங்க அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன். பெட்ரீசியா விசயமா. உங்க மாதா கோயில்லயே வச்சுக்கலாம் அண்ணே, எங்க வீட்டுல பேசிட்டேன், ஒன்னும் சொல்லல. பாதர்கிட்டக்கூட பாடம் படிக்க நான் தயார் லா."

"பெட்ரீசியா என்ன சொல்லுது?"

"அதுதான் அண்ணே சொல்லச் சொல்லுச்சு."

"வாங்களேன், பேசலாம்"னு சொன்னேன். அவனுக்கு மூஞ்சி பூராவும் சிரிப்பு. என் கையைப் பிடிச்சுக்கிட்டான். பாவம். இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு என்கிட்டக் கேட்கறதுக்குப் பயந்திருக்கான். "மச்சான்னு கூப்பிடலாமா இனிமே?"ன்னு கேட்டுட்டு, அவனே வெட்கப்பட்டுக்கிட்டு ஓடிட்டான். கன்வேயர் நின்னுச்சு. மத்தவங்க எல்லாம் கண்டீனுக்குப் போனாங்க. இவன் கம்பியில துண்டைக் கட்டிட்டு இறங்கறதைப் பார்த்தேன்.

கேரியரைத் திறந்தேன். நண்டுக் குழம்பு. ஆறிப்போய் மேல ஏடு கட்டியிருந்துச்சு. மூடி வச்சுட்டேன்.

மெஷின் முன்னால போய் உக்காந்தேன். நேரம் மாத்தறதுக்கு ஒரு கட்டளை இருக்கு, புது நேரத்தைத் தட்டிட்டு ஒரு பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்துல பாதி போயிருந்துச்சு. அந்த நிமிஷத்துல அரை மணி தள்ளினா மெஷினுக்கு அது வேலை தொடங்கற நேரம். சங்கு ஊதணும், கன்வேயரை ஓட்டணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும். இது எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, நானும் சொல்ல மாட்டேன்.

நேரத்தைத் தட்டி வச்சுட்டு, பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டுப் பார்த்தேன். துண்டு ஆடிக்கிட்டு இருக்கு. உள்ள இருந்து கம்பி குத்தற சத்தம் கேட்குது. பாட்டும் கேட்குது. உடனே அமுக்கல சார், அதையும் எழுதிக்குங்க. கொஞ்ச நேரம் பார்த்தேன். இப்ப அவனா ஏறி வந்துட்டா அது வேறன்னு நினைச்சேன். அவனுக்கு நான் நேரம் குடுத்தேன். அவன் வரல. எனக்கு அப்ப மனசுல எந்தக் கோவமும் இல்ல, காலுகூட ஆடல. வாழ்க்கையில முதல் தடவையா ஒரே இடத்துல அசையாம உக்காந்திருந்தேன்.

அமுக்கினேன்.

சத்தத்தைப் பத்தி நீங்க கேட்க வேணாம், நானும் சொல்லல. சங்கு பெருசா ஊதுச்சு, அதுல எல்லாம் அடங்கிப்போச்சு. கண்டீன்ல இருந்து ஆளுங்க, இப்ப எதுக்குடா சங்குன்னு பாதிச் சாப்பாட்டுக் கையோட வெளிய வந்தாங்க. சதாசிவம் மண்டோர்தான் துண்டைப் பார்த்துட்டு ஓடுனாரு. சுவிட்சை அணைச்சாரு. மேனேஜர் ரூம்ல மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, ரொம்ப நேரம்.

விசாரணைக்கு ஆபீசருங்க வந்தாங்க. கடிகாரத்தை மாத்தினீங்களான்னு கேட்டாங்க, மாத்தினேன்னு சொன்னேன். யாரு சொல்லின்னாங்க, மேனேஜர் சொல்லின்னேன். மேனேஜரும் ஆமான்னாரு. மெஷின் நேரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, ரெண்டும் ஒன்னா இருந்துச்சு. சுவிட்சை அணைக்காம இறங்கினது அவன் தப்புன்னு எழுதிட்டுப் போனாங்க. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல சார். துண்டைப் பார்த்தியான்னு யாரும் கேட்கல.

பெட்ரீசியா சாவு வீட்டுக்குப் போனா. நான் தடுக்கல, நானும் கூடப் போனேன், பூ வாங்கிட்டுப் போனேன். சவப்பெட்டியைத் திறக்கல. அவ அழுகல, நின்னுக்கிட்டே இருந்தா. திரும்பி வந்து சமையல்கட்டுல நின்னுக்கிட்டு என்கிட்டக் கேட்டா.

"அண்ணே, மணியை மாத்தினது நீங்கதானா?"

"ஆமா. மேனேஜர் ஓடர்."

"சனிக்கிழமை மாத்தியிருக்கலாமே அண்ணே."

"சனிக்கிழமை வரைக்கும் தப்பான மணியை எதுக்கு வச்சிருக்கணும்?"னு சொன்னேன். நியாயமாத்தானே சொன்னேன்? அவ என்னைப் பார்த்தா. நான் பார்வையைத் திருப்பல. அப்புறம் அடுப்பைப் பத்த வச்சா.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல சண்டை சச்சரவே கிடையாது சார். வேற யாரும் பொண்ணு கேட்டு வரல, மாதா கோயிலைத் தவிர அவளும் எங்கயும் போறதில்ல. துணி துவைச்சுப் போடுவா, வீட்டைக் கூட்டுவா. மெஷினைப் பார்த்துக்க இன்னொரு ஆளு போட்டாங்க, இப்ப நான் மத்தியானம் வீட்டுக்கே போய்ச் சாப்பிடறேன், கொதிக்கக் கொதிக்கப் போடுவா. நான் ஆலைக் கதை, ஊர்க் கதை எல்லாம் சொல்லுவேன், கேட்டுக்கிட்டு இருப்பா. அவ பேசறதில்ல. கோவம் இல்ல, சும்மா, பேசறதில்ல. அன்னிக்கு அடுப்பைப் பத்த வச்சதுல இருந்து ஒரு வார்த்தை பேசல. ஆறு வருஷமா. தலைவலியான்னு கேட்டா தலையை ஆட்டறதுகூட இல்ல. ரோசம்மாகிட்ட வேலியோரம் பேசறதா சொல்றாங்க, நான் உள்ள வந்ததும் நிறுத்திடறா. ஒரு நாள் கதவுக்கு வெளியிலேயே நின்னு கேட்கலாம்னு பார்த்தேன். என் காலு சும்மா இருந்தாத்தானே, சத்தம் கேட்டு நிறுத்திட்டா.

அவ சுபாவமே அமைதின்னு வச்சுக்கிட்டேன். அமைதியான வீடு எத்தனை பேருக்குக் கிடைக்குது?

சரி சார், நான் ஒன்னு கேட்கலாமா? இத்தனை வருஷம் கழிச்சு இதை யாரு கிளப்பினது? மண்டோரா? அவரு ரிட்டையர் ஆகி சுங்காய் போய்ட்டாரு. ரோசம்மாவுக்கு இவ்வளவு விவரம் பத்தாது. துண்டு, மெஷின், அரை மணி, எல்லாத்தையும் நீங்க வரிசையா கேட்டீங்க. சோறு ஆறினதுகூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதையெல்லாம் நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லையே, வீட்டுல சாப்பிடறப்ப தவிர.

பெட்ரீசியாவா?

இல்ல சார், ஆள் மாறியிருக்கும். அவ பேச மாட்டா.

இங்கயா வந்தா? இந்த நாற்காலியிலயா? நேத்து மத்தியானமா? நேத்து மத்தியானம் எனக்குச் சோறு போட்டுட்டு, குடையை எடுத்துக்கிட்டுப் போனா, மாதா கோயிலுக்குத்தான்னு நினைச்சேன். சாயங்காலந்தான் வந்தா. அவ்வளவு நேரமா பேசினா? நீங்க கேட்டு கேட்டா, இல்ல அவளாவா? அவளாவா.

எழுதிக்குங்க சார். துண்டைப் பார்த்தேன், பாட்டைக் கேட்டேன், ஆள் உள்ள இருக்கான்னு தெரிஞ்சுதான் அமுக்கினேன். கடிகாரத்துக்காக இல்ல. அவ என்னை விட்டுப் போய்டுவாளேன்னு. குடுங்க, கையெழுத்துப் போடறேன், எங்க போடணும்?

ஒரு மத்தியானம் முழுக்க உக்காந்து என்னைப் பத்தியே பேசியிருக்கா. மனசுல பாசம் இல்லாமலா சார் அவ்வளவு நேரம் பேசியிருப்பா?